வெண்டைக்காயோட வழவழப்ப ஏன் இப்படி விரட்டுதோம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர் இணைப்புல வெண்டைக்காய் சமையலுக்குன்னே ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. முழுசும் படிச்சேன், வெட்டியும் வச்சிருக்கேன், அதுல இருந்த மோர்க்குழம்பு பக்குவம் ரொம்பச் சரியாவே இருந்துச்சு. ஆனா ஒரு விசயம் மனசுல உறுத்திக்கிட்டே கெடக்கு. அத்தனை குறிப்புலயும் முதல் வேலையா சொல்லியிருந்தது என்னன்னா, வழவழப்பு போற வரைக்கும் எண்ணெயில வதக்குங்க, அப்பவும் போகலைன்னா ரெண்டு சொட்டு எலுமிச்சை விடுங்க, இல்லைன்னா ஒரு கரண்டி மோர் தெளிங்க, இப்படியேதான். அந்த வழவழப்பு ஏதோ வெண்டைக்காய் பண்ணுன குத்தம்னு முடிவு பண்ணிட்டுத்தான் அடுப்பையே பத்த வைக்கோம். நம்ம பேச்சும் அப்படித்தான இருக்கு, ஒருத்தரு நேராப் பதில் சொல்லலைன்னா வெளக்கெண்ணெயில வெண்டைக்காயப் போட்டுக் கலக்குன கணக்கா பேசுதாம்பாருன்னு சொல்லுதோம்.

அந்த வழவழப்புதான் வெண்டைக்காயோட உசுரு, அதைக் காப்பாத்தி காரசாரமா சூப்பு வைக்கிற ஊரு ஒலகத்துல நெறைய இருக்கு, அந்தப் பக்குவத்த நம்ம வீட்டு அடுப்புலயும் தாராளமா செய்யலாம், அதை உங்க பக்கத்துல ஒருதடவையாவது எழுதணும்னு கேட்டுக்கிடத்தான் இந்தக் கடுதாசி. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கிடுங்க.

எங்க வீட்டுக்காரவுக வேலை விசயமா நாங்க பல வருசம் நைஜீரியாவுல லாகோஸ்ல இருந்தோம். இலுப்பேஜுன்னு ஒரு ஏரியா, நம்ம இந்தியாக்காரங்க நெறைய பேரு இருக்க எடம். பக்கத்து வீட்டுல யோருபாங்க அந்த ஊரு இனத்து அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. அங்கயும் கல்யாணம் ஆகி பிள்ளை பெத்தவங்கள பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்க, மூத்த பிள்ளை பேரச் சொல்லி இன்னாரு அம்மான்னுதான் கூப்பிடுவாங்க, நம்ம ஊரு மாதிரியேதான். அந்த அக்காதான் எனக்கு வெண்டைக்காய் சூப்பு சொல்லிக் குடுத்தாங்க. சூப்புன்னா நம்ம ஓட்டல்ல சின்னக் கிண்ணத்துல மொத மொதல்ல கொண்டாந்து வைப்பாங்கள்ல அது இல்ல. நம்ம குழம்பு எந்த எடத்துல இருக்கோ அந்த எடத்துல அவங்களுக்கு இது, களியத் தொட்டுச் சாப்பிடுத சாப்பாட்டோட பாதி.

வெண்டைக்காய் ஒலகத்துலயே அதிகமா விளையிறது நம்ம இந்தியாவுலதான், அதுக்கு அடுத்தபடியா நைஜீரியா. ரெண்டு நாட்டுக்காரங்களும் ஒரே காயத்தான் சாப்பிடுதோம், ஆனா ஒருத்தரு வழவழப்ப எடுக்கப் பாடுபடுதோம், இன்னொருத்தரு அதைக் கூட்டுததுக்குப் பாடுபடுதாங்க. ஆப்பிரிக்காவுலருந்து அடிமைகளா பிடிச்சிட்டுப் போன சனங்க வழியாத்தான் வெண்டைக்காய் சமையல் அமெரிக்கா வரைக்கும் போச்சு, லூசியானாவுல கம்போன்னு ஒரு சூப்பு ரொம்பப் பேரு போனது, அதுலயும் வெண்டைக்காயோட கெட்டிதான் கெட்டி. அவ்வளவு கஷ்டத்துலயும் அந்த சனங்க கைவிடாம வச்சிருந்த ருசிய நாம ஒரு தடவை நாக்குல வச்சுப் பாக்காமலே அருவருப்புன்னு ஒதுக்குதோம்னா, எனக்கு அது சரியாப் படல.

சரி, பக்குவத்துக்கு வாரேன்.

நாலு பேருக்கு அரைக்கிலோ வெண்டைக்காய் வேணும். நல்ல இளசா இருக்கணும், நுனிய ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், வளைஞ்சுச்சுன்னா முத்தல். (கடைக்காரரு திட்டத்தான் செய்வாரு, பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில ஒடிக்காம தொட்டுப்பாத்தே சொல்லுத ஆச்சிகள் இருக்காங்க, எனக்கு அந்தக் கைப்பழக்கம் கெடையாது, ஒடிச்சவுடனே அந்தக் காயையும் சேத்தே தட்டுல போட்டுருவேன்.) முழுக்காயா கழுவித் தொடைச்சு, பாதியப் பொடிப்பொடியா நறுக்கணும். மீதிப் பாதிய அம்மியில தட்டணும். அரைக்கக் கூடாது, தட்டணும். கொழவியால நாலு தட்டு தட்டும்போதே கல்லுல ஒட்டிக்கிட்டு வரும், விதையெல்லாம் வெள்ளையா முழுசாத் தெரியும், அந்தப் பதத்துலயே வழிச்சு எடுத்துரணும். அம்மி இல்லாத வீட்டுல தேங்காய் திருகுத மாதிரி கேரட் துருவியில துருவிக்கிடலாம், மிக்சின்னா ரெண்டே ரெண்டு சுத்து, அதுக்கு மேல போச்சுன்னா பச்சைக்கூழா ஆயிரும், வாயில கடிபட ஒண்ணும் இருக்காது.

ஏன் இப்படித் தட்டுதோம்னா, வழவழப்பு காயோட சதைக்குள்ள இருக்கு, தண்ணியில கரையுத ஒரு நார்ச்சத்துதான் அது. எவ்வளவுக்கு எவ்வளவு சிதைக்கமோ அவ்வளவு வெளிய வரும், தண்ணி பட்டா இன்னும் வரும். நம்ம பொரியலுக்குக் கழுவித் தொடைச்சுக் காயவச்சு பெரிய துண்டா நறுக்குததும், வதக்குத வரைக்கும் தண்ணி படாம பாத்துக்கிடுததும் இதே காரணத்துக்குத்தான், திசை மட்டும் வேற. புளி, மோரு, எலுமிச்சை, தக்காளி எல்லாம் அந்த வழவழப்போட இழைய அறுத்துரும், அதனாலதான் நம்ம புளிக்குழம்புல வெண்டைக்காய் அடங்கிக் கெடக்கு. அப்ப இந்த சூப்புக்குப் புளி கூடவே கூடாது. இது ஒண்ணு மட்டும் நம்ம ஊருக்காரங்களுக்கு ரொம்பக் கஷ்டம், கை தானாப் புளிக்கரைசல் பக்கம் போகும், பிடிச்சு வச்சுக்கிடணும்.

மண்சட்டிதான் நல்லது. காருகுறிச்சி சட்டி ஒண்ணு வாங்கி வச்சா போதும், மீன்குழம்புக்கும் ஆகும் இதுக்கும் ஆகும். இரும்புச்சட்டியில வச்சா வெண்டைக்காய் கருத்துப் போயிரும், ருசிக்கு கெடுதல் இல்ல ஆனா பாக்க நல்லாருக்காது, பச்சைப்பசேல்னு இருக்கதுதான் இந்த சூப்புக்கு அழகு.

சட்டியில கடலெண்ணெய் மூணு நாலு கரண்டி. அங்க செம்பனை எண்ணெய்தான் ஊத்துவாங்க, ரத்தச் செவப்பா ஒரு வாசத்தோட இருக்கும். நம்ம ரேஷன் கடையில குடுக்க பாமாயிலும் அதே மரத்துப் பழத்துலருந்து வாரதுதான், ஆனா சுத்திகரிச்சு வெளுக்க வச்சதுனால நெறமும் போச்சு வாசமும் போச்சு, அதை ஊத்தி அந்த ருசி வரும்னு நெனைக்கக் கூடாது. (பனைன்னதும் நம்ம பனைமரம்னு நெனைச்சுராதீங்க, இது வேற மரம்.) கடலெண்ணெய் அங்கயும் சமையலுக்குப் பழக்கம் உள்ளதுதான், அதனால நான் யோசிக்காம அதையே ஊத்துதேன். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நம்ம அவியலக் கொண்டாந்து நடுவுல நிறுத்திரும்.

எண்ணெய் காஞ்சதும் பல்லாரி வெங்காயம் ஒண்ண நறுக்கிப் போட்டு வதக்கி, மிளகாய் விழுதப் போடணும். அங்க அத்தா ரோடோன்னு ஒரு மிளகாய், குட்டி பூசணிக்காய் கணக்கா மடிப்பு மடிப்பா இருக்கும், ஸ்காட்ச் பானெட் வகையில சேந்தது, பயங்கர ஒறைப்பு, ஆனா பழ வாசம் ஒண்ணு வரும் பாருங்க, அதுக்காகவே போடுவாங்க. நமக்கு அது கெடைக்காது. செங்கோட்டைப் பக்கம் கெடைக்க காந்தாரி மிளகாய் ஒரு ஏழெட்டு எடுத்து, அதோட நல்லாப் பழுத்த செவப்பு மிளகாய் ரெண்டு சேத்து அம்மியில வச்சுத் தட்டுனா போதும், அந்த வாசம் இல்லாட்டியும் ஒறைப்பு சுர்ருன்னு காதுவரைக்கும் ஏறும். வத்தப்பொடி போட்டுராதீங்க, நெறம் கெட்டுரும், மல்லிப்பொடி மஞ்சப்பொடியும் கெடையாது. தாளிதம் கெடையாது, கடுகு, கருவேப்பிலை ஒண்ணும் கெடையாது. நம்ம கைக்கு இவ்வளவு குறைச்சலா சாமான் போட்டு சமைக்கது ஒரு மாதிரி இருக்கும், ஆனா அதுதான் அதோட கணக்கு.

அடுத்தது கருவாடு. இங்கதான் திருநேலி தூத்துக்குடிக்காரங்களுக்கு வேற யாருக்கும் இல்லாத வசதி இருக்குன்னு நான் சொல்லுவேன். அவங்க சமையலுக்கு அடிப்படையே காஞ்ச எறாப்பொடி, அதை க்ரேஃபிஷ்ஷுன்னு சொல்லுவாங்க, அப்புறம் புகைபோட்டுக் காயவச்ச மீன். அந்தப் பொடிக்கு நேரா நம்மகிட்ட சென்னாக்கூனி இருக்கு. ரெண்டு கைப்பிடி கூனிய எடுத்து மண்ணு போகப் புடைச்சு, வெறுஞ்சட்டியில வாசம் வாரவரைக்கும் வறுத்து, ஆறுனதும் பொடிச்சுக்கிட்டா அங்க கெடைக்கதுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. புகைமீனுக்கு மாசிக்கருவாடு. மாசிங்கது சூரை மீன வேகவச்சு, புகையில வாட்டி, வெயில்ல காயவச்சு செய்யுதது, கட்டை கணக்கா கிண்ணுன்னு இருக்கும், தூத்துக்குடியில கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. அதைத் தட்டிச் சிம்பு சிம்பா உரிச்சு ஒரு கைப்பிடி போட்டா அந்தப் புகை வாசம் அப்படியே கெடைக்கும். பச்சை மீனும் போடணும்னா பாறை மீன் துண்டு நாலஞ்சு போதும், முள்ளு கம்மி, ஒடையாது.

மிளகாய் பச்சை வாசம் போனதும் மூணு டம்ளர் தண்ணி ஊத்தி, மாசி, கூனிப்பொடி, உப்பு எல்லாம் போட்டு நல்லாக் கொதிக்க விடணும், கருவாட்டு ருசி தண்ணியில எறங்குததுக்கு ஒரு கால்மணி நேரமாவது கொதிக்கணும். கருவாட்டுலயே உப்பு இருக்கும், பாத்துப் போடுங்க. பச்சை மீன் போடுததா இருந்தா அதுக்குப் பொறவு போட்டு வேகவச்சுத் துண்டுகளத் தனியா எடுத்து வச்சிரணும், இல்லைன்னா கடையும்போது ஒடைஞ்சிரும். அங்க இன்னும் ஒண்ணு போடுவாங்க, இரூன்னு ஒரு புளிக்கவச்ச கொட்டை, நாத்தம் தூக்கியடிக்கும் ஆனா சூப்புல கரைஞ்சா தனி ருசி. அதுக்கு நம்ம ஊருல மாத்து இல்ல, அதனால கூனிப்பொடிய ஒரு ஸ்பூன் கூடப் போட்டு விட்டுருதேன்.

இப்பத்தான் வெண்டைக்காய் போடணும், எல்லாத்துக்கும் கடைசியா. நறுக்குனதையும் தட்டுனதையும் ஒண்ணாப் போட்டு, மூடி போடாம, அஞ்சு நிமிசம், மிஞ்சிப் போனா ஏழு நிமிசம். மூடி போட்டா பச்சை நெறம் மங்கி காக்கியாப் போயிரும், ரொம்ப நேரம் கொதிச்சா இழை அறுந்து தண்ணியா ஓடும். இந்த அஞ்சு நிமிசத்துலதான் கடையணும். யோருபாக்காரங்க ஈர்க்குச்சியச் சேத்துக் கட்டுன ஒரு சின்னக் கட்டு வச்சிருப்பாங்க, அதுக்கு இஜாபேன்னு பேரு, அதைச் சட்டிக்குள்ள விட்டு அடி அடின்னு அடிப்பாங்க. நம்ம கீரை மத்து அதே வேலையச் செய்யும். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு உருட்ட உருட்ட, மொதல்ல தண்ணி தனியா காய் தனியா நிக்கும், அப்புறம் நுரைச்சுக்கிட்டு கெட்டிப்படும், அப்புறம் மத்தத் தூக்குனா கூடவே எழும்பி வரும். கரண்டியில கோரித் தூக்கிப் பாருங்க, கரண்டிக்கும் சட்டிக்கும் நடுவுல கண்ணாடி கணக்கா இழை தொங்கும், தூக்கத் தூக்க நீளும், அறுக்கணும்னா கரண்டிய சட்டி விளிம்புல ஒரு சொழட்டு சொழட்டி வெட்டணும். அந்த இழை வந்துட்டா அடுப்ப அணைச்சு, எடுத்து வச்ச மீனத் திரும்ப உள்ள விட்டுரலாம்.

இன்னும் கூட இழை வேணும்னு அங்க கொஞ்சம் காரக்கல்லு (ஒறைப்புக் காரம் இல்ல, சோடா கணக்கா உள்ள காரம்), காவுன்னு சொல்லுவாங்க, அதைப் போடுததும் உண்டு. இங்க அதுக்குப் பதிலா சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டா அதே வேலை நடக்கும், நெறமும் தூக்கலா இருக்கும். ஆனா காயில உள்ள சத்துல கொஞ்சம் அதுலயே போயிரும், இளங்காயா இருந்தா சோடாவே தேவையில்ல, நான் போடுததில்ல.

எதோட சாப்பிடுததுன்னு கேப்பீங்க. அங்க மரச்சீனிக் கிழங்க, அதான் மரவள்ளியத் துருவி, சில நாள் புளிக்கவச்சு, தண்ணிய நெருக்கிப் பிழிஞ்சு, வறுத்து ரவை மாதிரி வச்சிருப்பாங்க, காரீன்னு பேரு. அதைச் சுடுதண்ணியில போட்டுக் கிண்டுனா ஏபா. மரச்சீனியே நமக்குப் புதுசு இல்லையே. அது பிரேசில் பக்கத்துக் கெழங்கு, போர்ச்சுகீசுக்காரங்க மூலமா ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. இங்கிட்டு திருவிதாங்கூர்ல 1880ல இருந்து 85 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் சனங்க பசியாறட்டும்னு அதைப் பரப்பி விட்டாரு. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர், பொறவு திருவிதாங்கூர்-கொச்சின்னு அந்தப் பக்கத்துலதான இருந்துச்சு, அதான் அந்தப் பக்கத்து வீடுகள்ல இன்னைக்கும் மரச்சீனியும் மீன்குழம்பும்னா உசுர விடுவாங்க. வேகவச்சு மசிச்ச மரச்சீனிக்கு இந்த வெண்டைக்காய் சூப்பு அவ்வளவு பாந்தமாச் சேரும், குத்தாலம் போயிட்டு வாரவங்க ரெண்டு கிழங்கு வாங்கிட்டு வந்து செஞ்சு பாக்கணும்.

மரச்சீனி வேண்டாம்னா கேப்பைக்களி இல்லைன்னா கம்பங்களி. இத நான் அழுத்தமாச் சொல்லணும்னு நெனைக்கேன். களியச் சாப்பிடுத மொறையே அவங்களுக்கும் நமக்கும் ஒண்ணு. ஒரு சின்ன உருண்டை பிடிச்சு, பெருவெரலால நடுவுல ஒரு குழி அமுக்கி, குழம்பக் கோரி, மெல்லாம அப்படியே முழுங்கணும். எங்க ஆச்சி காலத்துல வீட்டுல களிதான், களிய மெல்லுத பிள்ளைக்குத் திட்டு விழும். லாகோஸ்லயும் அந்த அக்கா என் மகளப் பாத்து அதையேதான் சொன்னாங்க, மெல்லாத, முழுங்குன்னு. களி தொண்டையில வழுக்கிக்கிட்டு எறங்கணும்னா கூட ஒரு வழவழப்பு வேணும், அங்க அதை வெண்டைக்காய் குடுக்கு. நாம களிய விட்டுட்டு மூணு நேரமும் அரிசிக்கு வந்த பொறவுதான் வழவழப்ப இவ்வளவு வெறுக்க ஆரம்பிச்சோமோன்னு எனக்குத் தோணும். இப்ப சிறுதானியம் சிறுதானியம்னு எல்லாரும் சொல்லுதாங்க, உங்க பேப்பர்லயும் வாரவாரம் வருது, ஆனா களிக்குத் தொட்டுக்கிட என்னன்னு யாரும் சொல்ல மாட்டேங்காங்க, சாம்பார ஊத்திச் சாப்பிட்டுட்டுப் பிடிக்கலைன்னு பிள்ளைக ஓடுதுக.

கருவாடே ஆகாத வீடுகளும் நம்ம பக்கம் நெறைய, சொதியும் இடிசாம்பாரும் வைக்கிற வீடுகள். அவங்களும் விட்டுறாதீங்க. தண்ணிக்குப் பதிலா காணம் (கொள்ளு) வேகவச்ச தண்ணி ஊத்துங்க, அதுல ஒரு கனம் இருக்கு. கூனிப்பொடிக்குப் பதிலா தர்பூசணி விதைய உடைச்சு உள்ள இருக்க பருப்ப வறுத்துப் பொடிச்சு ரெண்டு ஸ்பூன் போடுங்க. இது நானா இட்டுக்கட்டுனது இல்ல, தர்பூசணிக்கு ஒண்ணுவிட்ட சொந்தமான எகுசின்னு ஒரு காயோட விதையப் பொடிச்சு சூப்புல போடுதது அங்க தெனப்படி வழக்கம், வெண்டைக்காயோட சேத்தும் போடுவாங்க. கடைசியா கைப்பிடி அரைக்கீரையப் பொடியா நறுக்கிப் போட்டா அதுவும் பொருந்தும். எங்க மாமியா சைவம், பல்லு முக்காவாசி போயிருச்சு, அவுக இந்தச் சூப்ப ஊத்தித்தான் கொழைஞ்ச சோத்தச் சாப்பிடுவாக, பொரியல் வச்சா ஓரமா ஒதுக்கிருவாக. வயசான ஆளுக இருக்க வீட்டுல இதுக்காகவாவது ஒருக்கா செஞ்சு பாக்கணும்.

சத்தப் பத்தியும் கொஞ்சம் சொல்லிருதேன், ஏன்னா வாட்சப்புல வெண்டைக்காயப் பத்தி கண்டதையும் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. நூறு கிராம் காயில நார்ச்சத்து மூணு கிராம் கிட்ட இருக்கு, வைட்டமின் சி இருக்கு, ஃபோலேட்டு இருக்கு, எல்லாம் நல்லதுதான். வழவழப்பா இருக்க நார்ச்சத்து சாப்பாட்டுல உள்ள சர்க்கரை ரத்தத்துல ஏறுத வேகத்தக் கொறைக்கும்னும் சொல்லுதாங்க. அதுக்காக ராத்திரி வெண்டைக்காய ஊறப்போட்டு காலையில தண்ணியக் குடிச்சிட்டு சுகர் மாத்திரைய நிறுத்துதது பெரிய ஆபத்து. மெட்ஃபார்மின் மாத்திரையோட வெண்டைக்காத் தண்ணியச் சேத்துக் குடுத்து எலிகள்ல பாத்தப்போ மாத்திரை உடம்புல சேருததே கொறைஞ்சு போச்சுன்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு. கிட்னியில கல்லு வந்தவங்களும் டாக்டரக் கேட்டுட்டுத்தான் அடிக்கடி சாப்பிடணும். இது சாப்பாடு, மருந்து இல்ல, அப்படியே எழுதுங்க.

இன்னொரு விசயமும் இதோட சேந்து இருக்கு. வெண்டைச்செடி போட்டா ஒன்னரை மாசத்துல காய்ப்புக்கு வந்துரும், வந்துட்டா ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சே ஆகணும், ரெண்டு நாள் சேந்தாப்புல விட்டா முத்திரும், முத்துனத ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. கையெல்லாம் சொணை பிடிச்சு அரிக்கும், அதோட பறிச்சு பாவூர்சத்திரத்துக்கும் நயினார்குளம் மார்க்கெட்டுக்கும் கொண்டாருதாங்க, வெலை விழுந்த அன்னைக்குப் பறிப்புக்கூலி கூட நிக்கி நிக்காம போகுது. வெள்ளை ஈ வந்து மஞ்ச நரம்புத் தேமல் பரவுச்சுன்னா தோட்டமே போச்சு. இவ்வளவு பாடுபட்டு விளைய வைக்கிற காய்க்கு நாம பொரியலு, சாம்பாரு, புளிக்குழம்பு, பச்சடின்னு நாலே எடம் வச்சிருக்கோம். சூடான்ல வெண்டைக்காய நறுக்கி வெயில்ல காயப்போட்டுப் பொடியாக்கி வச்சுக்கிட்டு வருசம் பூரா குழம்பக் கெட்டிப்படுத்த அதைத்தான் போடுதாங்க, வெய்கான்னு பேரு. நம்ம வெயிலுக்கு என்ன கொறைச்சல் சொல்லுங்க. மோருல ஊறப்போட்டு வத்தல் போடத் தெரிஞ்ச நமக்கு மோரு இல்லாமக் காயவச்சுப் பொடிச்சு வைக்கத் தெரியாதா. வெலை இல்லாத நாளுல மகளிர் குழுக்கள் இதைச் செஞ்சு பாத்தா குப்பைக்கும் மாட்டுக்கும் போற காய் பாக்கெட்டுல ஏறும், இதைப் பத்தி உங்க விவசாயப் பக்கத்துல வெவரமா விசாரிச்சு எழுதுனா நல்லாருக்கும்.

நம்ம ஊருப் பக்குவத்த நான் கொறைச்சுச் சொல்லுததா யாரும் எடுத்துக்கிடக் கூடாது. திருநேலி கல்யாண வீட்டு வெண்டைக்காய் பச்சடி, புளியும் வெல்லமும் சேந்து திட்டமா நிக்கும், அதுக்கு ஈடே கெடையாது. ஆனா மிளகாயே போர்ச்சுகீசுக்காரங்க கொண்டாந்து விட்ட பொறவு வந்ததுதான, அதுக்கு முந்தி நாம ஒறைப்புக்கு மிளகத்தான வச்சிருந்தோம். வெளியூருப் பக்குவம் ஒண்ணு நம்ம சட்டிக்குள்ள வந்தா நம்ம சமையல் ஒண்ணும் கெட்டுப் போயிராது. பாஸ்தாவையும் மஞ்சூரியனையும் வாராவாரம் போடுதீங்க, அதெல்லாம் வேண்டாம்னு சொல்லல, நம்ம தோட்டத்துக் காயும் நம்ம கடலுக் கருவாடும் நம்ம களியும் வச்சே முழுசாச் செய்யக்கூடிய ஆப்பிரிக்கச் சமையலுக்கு ஏன் ஒரு கட்டம் ஒதுக்கக் கூடாதுன்னுதான் கேக்கேன். ஆப்பிரிக்கான்னா பஞ்சமும் சண்டையும் மட்டும்தான் பேப்பர்ல வருது, அந்த சனங்க வீட்டு அடுப்புல என்ன கொதிக்குன்னும் நம்ம பிள்ளைக தெரிஞ்சுக்கிடட்டும்.

பிள்ளைகளப் பத்தி ஒண்ணு. வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்னு சொல்லிச் சொல்லி ஊட்டுததுக்குப் பதிலா, அந்த இழைய அதுககிட்டயே குடுத்துருங்க. என் பேத்தி கரண்டியத் தூக்கித் தூக்கி இழை எவ்வளவு ஒசரம் வருதுன்னு பாத்துக்கிட்டே ஒரு கிண்ணம் முடிச்சிருவா. அவளுக்கு மட்டும் காந்தாரிய ஒண்ணாக் கொறைச்சிருவேன்.

செய்யப் போறவங்களுக்கு ஒரு குறிப்பு, அன்னன்னைக்கு வேணுங்கத மட்டும் வைங்க. மிச்சம் விழுந்தா மறுநாள் இளஞ்சூடு காட்டுனா போதும், திரும்பக் கொதிக்க விட்டா நெறமும் போயிரும் இழையும் போயிரும். கருவாட்டுத் தண்ணிய மட்டும் கூடுதலா கொதிக்க வச்சு எடுத்து வச்சுக்கிட்டு, மறுநாள் புதுசா காய் தட்டிப் போடுததுதான் எல்லாத்தையும் விட நல்லது.

இடம் இல்லைன்னா கடுதாசியச் சுருக்கிப் போட்டுக்கிடுங்க, புளி சேக்கக்கூடாதுங்கதையும் மூடி போடக்கூடாதுங்கதையும் மட்டும் விட்டுறாதீங்க. புளியில்லாம வெண்டைக்காய் கடையுத பழக்கம் நம்ம தாமிரபரணிப் பக்கத்துலயே எந்த ஊருலயாவது, எந்த வீட்டுலயாவது இருந்தா அவங்களும் உங்களுக்கு எழுதணும்னு கேட்டுக்கிடுதேன், அந்தப் பக்குவத்தப் படிக்க நான் காத்துக்கிட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
வீரவநல்லூர்.